டிராக் டேயில் கார் மோதிவிட்டால்: முதல் நிமிடம் முதல் மறுபடி ஓட்டும் நாள் வரை

பந்தய வீரர் ஒருவர் தடுப்பில் மோதினால் அவருக்குப் பின்னால் ஒரு குழுவே நிற்கிறது. மருத்துவர் அவரைப் பார்ப்பார், மெக்கானிக்குகள் காரைப் பார்ப்பார்கள், பொறியாளர் தரவுகளைப் பார்ப்பார், செலவை வேறு யாரோ பார்ப்பார்கள். பந்தயத் தளத்தில் சாதாரண மக்களும் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, அதாவது டிராக் டேக்கு, சொந்த ஸ்போர்ட்ஸ் காரில் வந்தவருக்கு இத்தனை வேலையும் அவர் ஒருவருடையதே. போதாக்குறைக்கு, அன்று மாலை வீடு திரும்ப வேண்டிய வண்டியும் அதுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு வாய்ப்புள்ள, நெடுநாள் பழகிய இடங்கள் இரண்டு. ஒன்று, சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் அமைத்து 1990 முதல் இயங்கிவரும் 3.7 கிலோமீட்டர் ஓடுதளம். மற்றொன்று கோவை செட்டிபாளையத்தின் காரி ஸ்பீட்வே. கொஞ்சம் வசதியும் விடுமுறையும் உள்ளவர்கள் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் வரை போகிறார்கள். இடம் எதுவானாலும் மோதலுக்குப் பிந்தைய வேலைகள் ஒன்றுதான். உடல், காகிதம், வண்டி, காரணம், மனம் என்ற வரிசையில் அவற்றைச் செய்ய வேண்டும். பெரும்பாலோர் காரிலிருந்து இறங்கியதும் முதலில் பம்பரைப் பார்க்கிறார்கள், கடைசியில்தான் கழுத்து வலிப்பதைக் கவனிக்கிறார்கள்.

முதல் படி: கார் நின்ற பிறகான ஓரிரு நிமிடங்கள்

இக்னிஷனை அணையுங்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் பொருத்தியிருந்தால் அதையும் அணையுங்கள். தீயோ பெட்ரோல் வாடையோ இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றாமல், ஹெல்மெட்டுடன் உள்ளேயே உட்கார்ந்திருங்கள். நீங்கள் மோதிய அதே வளைவுக்கு, அதே வேகத்தில், இன்னொருவர் வந்துகொண்டிருக்கக்கூடும். ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி காட்டப்பட்டாலும் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள் என்று நம்ப முடியாது. சாலைக் காரின் கதவுக்கு வெளியே நிற்பதைவிட அதன் கூண்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு.

ஏர்பேக் விரிந்திருந்தால் காருக்குள் வெள்ளைத் தூள் பறக்கும், தொண்டை எரியும். இதைப் புகை என்று நினைத்து ஓடுதளத்துக்குள் குதித்து ஓடுபவர்கள் உண்டு. பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள். தூள் அடங்கிவிடும், புகை கூடிக்கொண்டே போகும். உண்மையிலேயே தீ என்றால் எதற்கும் காத்திருக்காமல் வெளியேறி, பக்கத்தில் உள்ள தடுப்புக்குப் பின்னால் போய்விடுங்கள். தளத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம். காரின் முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டாம்.

தளத்தின் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷல் வந்ததும் சொல்ல வேண்டியவை இரண்டு: எங்கே வலிக்கிறது, தளத்தில் எண்ணெய் கொட்டியதா. இரண்டாவதைச் சொல்லப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழுக்கும் தளத்துக்கென்று மஞ்சளில் சிவப்புக் கோடுகள் போட்ட தனிக் கொடி இருக்கிறது. அது எங்கே காட்டப்பட வேண்டும் என்பது நீங்கள் சொல்லும் தகவலில்தான் இருக்கிறது. அதன் பிறகு மார்ஷல் சொல்வதே சட்டம். மோதிய காரின் உரிமையாளர் என்ற தகுதியில் அங்கே நின்று யாரோடும் வாதாட வேண்டாம்.

இரண்டாம் படி: நன்றாக இருக்கிறேன் என்று தோன்றினாலும் மருத்துவரிடம்

மோதிய முதல் மணி நேரத்தில் உடல் சொல்வதை நம்ப முடியாது. அட்ரினலின் வலியை மறைத்துவிடும். தளத்திலேயே மருத்துவ அறையும் ஆம்புலன்ஸும் இருக்கும். நடந்தே போக முடிந்தாலும் போய்க் காட்டுங்கள். அங்கே சொல்ல வேண்டிய விவரங்கள்: ஏறத்தாழ என்ன வேகம், எந்தப் பக்கம் மோதியது, சாதாரண பெல்ட்டா, இரு தோள்களையும் கட்டும் நான்கு முனை ஹார்னஸா, தலை எங்காவது இடித்ததா, நடுவில் ஏதேனும் நினைவில் இல்லாமல் போயிருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

தலையில் நேரடியாக அடி படாமலே மூளை அதிர்ச்சி ஏற்படலாம். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தலைகாட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கை கால் பலவீனம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அன்று இரவு தனியாக இருக்காதீர்கள். மது வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். ரத்தக்கசிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை ஆஸ்பிரினையும் ஐபுபுரூஃபனையும் தவிர்ப்பது நல்லது.

வயிற்றுக்குக் குறுக்கே பெல்ட் பதிந்த தடம் சிவந்தோ கன்றியோ இருந்தால் அதைச் சாதாரணக் காயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலில் உள்ள தடம், உள்ளே குடலில் ஏற்பட்ட காயத்தின் அடையாளமாக இருக்கலாம். வயிற்று வலி தாமதமாகத் தொடங்கும். மார்பெலும்பு வலிக்கும், மூச்சை இழுக்கும்போது குத்தும் வலிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஓட்டுநர்களுக்கே உரிய ஒரு காயம் மணிக்கட்டில் வரும். சக்கரம் தடுப்பில் இடிக்கும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி, இறுகப் பிடித்திருந்த கட்டைவிரலை முறுக்கிவிடும். பந்தய வீரர்கள் மோதுவதற்கு முந்திய கணத்தில் கைகளை எடுத்துவிடுவது இதனால்தான். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டுக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே உள்ள ஸ்கேஃபாய்டு எனும் சிறிய எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் பலமுறை தெரியாது. வலி நீடித்தால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி படம் எடுக்க வேண்டும். சுளுக்கு என்று நினைத்து விட்டுவிட்டால் எலும்பு சேராமலே போகும் அபாயம் உண்டு.

முதல் இரண்டு நாள் ஓய்வு, அதன் பிறகு மெல்ல மெல்லப் பழைய நடமாட்டம் என்பதே மூளை அதிர்ச்சிக்கு இப்போது மருத்துவர்கள் சொல்லும் வழி. வாரக்கணக்கில் இருட்டறையில் படுத்திருக்கச் சொன்ன காலம் போய்விட்டது. சாலையில் கார் ஓட்டுவது மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

மூன்றாம் படி: காகிதம்

தளத்தின் ஓரத்தில் கார்கள் வந்து நிற்கும் ஒவ்வொரு பிட் லேனிலும் ஒரு ஆலோசகர் இருப்பார். "வண்டியை வெளியே கொண்டுபோய், ரோட்டில் நடந்ததாகச் சொல்லிவிடலாம்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு கிளெய்ம் போட்டால் அது மோசடி. ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி மோதல் நேரத்து விவரங்களைப் பதிந்து வைத்திருக்கும். சக்கரத்துக்குள் சரளைக் கல்லும், பெயின்டில் டயர் தடுப்பின் கறுப்பும் இருக்கும். அன்றைய வீடியோ யாரோ ஒருவரின் இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர்கள் இதைவிட நல்ல கதைகளைக் கேட்டவர்கள்.

உண்மை நிலை இது. இந்தியாவின் வழக்கமான மோட்டார் பாலிசியில் பயன்பாட்டு வரம்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, பிறருக்கு வேகம் வகுத்துக் கொடுப்பது, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டங்கள் ஆகியவை அதில் விலக்கப்பட்டிருக்கும். டிராக் டே என்பது பந்தயம் அல்லவே என்று வாதிடலாம்; வேகச் சோதனை என்ற சொல் அந்த வாதத்தை விழுங்கிவிடும். காரின் சேதம் உங்கள் கையிலிருந்துதான் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தாலும் இந்த வரம்பு மாறாது.

மருத்துவக் காப்பீட்டின் கதை வேறு, அது பலருக்குத் தெரிவதில்லை. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குகளில் சாகச விளையாட்டுகள் பற்றிய பிரிவில் மோட்டார் பந்தயம் பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. ஆனால் தொழில்முறை வீரராகக் கலந்துகொண்டால் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காக ஓட்டியவர் மருத்துவமனைச் செலவைக் கேட்க வழி இருக்கிறது. எனவே மருத்துவமனையில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. விபத்துப் பதிவேட்டின் நகலில், நம் ஊர்ப் பேச்சில் ஏ.ஆர். காப்பியில், நடந்தது நடந்தபடி பதிவாகட்டும். தனிநபர் விபத்து பாலிசியின் விலக்குகள் கடுமையாக இருக்கலாம். அதைத் தனியாகப் படியுங்கள்.

அன்றே செய்ய வேண்டிய சில்லறை வேலைகளும் உண்டு. காரை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம், டயர் தடங்களின் படம், தடுப்பின் படம் எடுக்கச் சொல்லுங்கள். காலையில் கையெழுத்திட்ட பொறுப்பு விலக்குப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தடுப்புச் சேதத்துக்கும் மீட்பு வண்டிக்கும் யார் பணம் தருவது என்பது அதில் இருக்கும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் வளைந்த இரும்புத் தடுப்புக்கும், மீட்பு வண்டிக்கும் மோதியவரே பணம் கட்டுகிறார். வெளிநாட்டில் ஓட்டத் திட்டமிடுபவர்கள் இந்தக் கணக்கை டிக்கெட் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு காரும் சம்பந்தப்பட்டிருந்தால், அவருடைய சேதத்துக்கு நீங்கள் பொறுப்பேற்பதாக அந்த இடத்தில் வாய்வார்த்தையாகக்கூட எதையும் சொல்லிவிடாதீர்கள். வீடியோவை இருவரும் பார்த்த பிறகு பேசலாம்.

நான்காம் படி: வண்டியை நகர்த்துதல்

மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். 911, கேமன் போன்ற போர்ஷே கார்களில் இன்ஜின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் மூலைகளில் இருக்கின்றன. முன்பக்கம் லேசாக இடித்தாலே கூலன்ட் முழுவதும் வெளியேறியிருக்கலாம். கூலன்ட் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடிய இன்ஜினுக்கு ஆகும் செலவு பம்பர், பானெட், விளக்கு எல்லாவற்றையும் தாண்டிவிடும். கார் கவிழ்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி ஆயிலை வெளியேற்றும் முன் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இழுப்பதற்கான கொக்கி டூல் கிட்டில் சும்மா கிடக்கும் பொருள். காலையிலேயே அதைத் திருகி வைத்திருந்தால் மீட்புக் குழுவினர் சஸ்பென்ஷன் ஆர்மில் கயிறு கட்ட மாட்டார்கள். நான்கு சக்கர இயக்கம் கொண்ட கார்களையும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் கார்களையும் சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லக் கூடாது. பிளாட்பெட் லாரிதான் வேண்டும், அதிலும் சரிவு குறைந்த ஏற்றம் உள்ளது. மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள்களின் பக்கம் யாரும் போக வேண்டாம். பேட்டரி அடிபட்டிருந்தால் தீ மணிக்கணக்கில் தாமதித்தும் எழலாம் என்பதால் மூடிய கராஜில் நிறுத்தாமல் திறந்த வெளியில் தனியாக நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாத சேதம்

பணம் உண்மையில் கரையும் இடம் இது. டிங்கரிங் கடைக்காரர் வெளியில் பார்த்துச் சொல்லும் தொகை ஒரு தொடக்கம் மட்டுமே. எஸ்டிமேட் வாங்கும் முன் காரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான கூலியைத் தனியாகக் கொடுத்துவிட்டால் ஒர்க் ஷாப்பும் நிதானமாகப் பார்க்கும்.

முதல் கேள்வி சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம். உற்பத்தியாளர் கொடுத்துள்ள அளவுப் புள்ளிகளை, காரைப் பொருத்தி அளக்கும் ஜிக் பெஞ்சில் வைத்து ஒப்பிட்டுத்தான் அது நேராக இருக்கிறதா என்று சொல்ல முடியும். கண் மதிப்பும் அளவு நாடாவும் இதற்குப் போதாது. அடுத்து, அது எந்தப் பொருளால் ஆனது என்பது. பழைய மென்னிரும்பை இழுத்து நிமிர்த்தலாம். இன்றைய கார்களின் தூண்களிலும் பக்கச் சட்டங்களிலும் இருக்கும் போரான் எஃகைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் வலிமை போய்விடும்; அந்தப் பகுதியை வெட்டி மாற்றத்தான் வேண்டும். லோட்டஸ் எலீஸின் அடித்தளம் அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டிச் செய்தது. அதை வெல்டிங் செய்ய முடியாது, வளைந்தால் முழு அடித்தளத்தையும் மாற்றும் நிலை வரும். மெக்லாரன், ஆல்ஃபா ரோமியோ 4சி போன்றவற்றின் கார்பன் இழைத் தொட்டியில் வெளியே ஒரு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். மீயொலிச் சோதனை இல்லாமல் அதற்கு நற்சான்று தரும் எவரையும் நம்ப வேண்டாம்.

சஸ்பென்ஷனில், மோதிய மூலையை மட்டும் பார்த்தால் போதாது. முன் இடது சக்கரம் வாங்கிய அடி ஸ்டீயரிங் ரேக் வழியாக வலது பக்கத்துக்கும் போயிருக்கும். கன்ட்ரோல் ஆர்ம், டை ராடு, ஹப் ஏந்தி, பேரிங், டேம்பர் தண்டு ஆகிய எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அலுமினிய உறுப்புகளில் மயிரிழை விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனைக்குச் செலவு குறைவு. சென்னையிலும் கோவையிலும் இதைச் செய்யும் பொறியியல் பட்டறைகள் உண்டு. வளைந்த அலுமினிய ஆர்மை நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடமிருந்து காரை அன்றே எடுத்துவிடுங்கள். அலைன்மென்ட் இயந்திரத்தில் எண்கள் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமாகாது. வளைந்த ஒரு உறுப்பை இன்னொன்றின் சரிப்படுத்தலால் மறைத்தும் அந்த எண்களைக் கொண்டுவர முடியும். இடதும் வலதும் ஒரே அளவில் சரிப்படுத்தப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

மணல் சரளையில் புகுந்து நின்ற கார் அதிர்ஷ்டம் செய்தது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனாலும் பிரேக் டிஸ்குக்கும் அதன் தகட்டுக்கும் இடையில், அடித்தட்டின் மேல், பெல்ட் புல்லிகளுக்குள் கல் ஒளிந்திருக்கும். ஓரங்கள் உதிர்ந்த கார்பன் செராமிக் டிஸ்கை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

பாதுகாப்புச் சாதனங்களில் பேரத்துக்கே இடமில்லை. ஏர்பேக் விரிந்திருந்தால், சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துப் பகுதியும் பெரும்பாலும் வெடித்திருக்கும். அதையும் மாற்ற வேண்டும். விளக்கு எரியாமல் இருக்க ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றும் வேலை நம் ஊரில் நடக்கிறது. பில்லில் உதிரிப்பாக எண் இருக்கிறதா என்று பாருங்கள். மோதலில் இழுபட்ட ஹார்னஸ் ஒருமுறை நீண்டுவிட்டது, இனி அது குப்பை. அடிபட்ட ஹெல்மெட்டும் அப்படியே, வெளியே ஒரு கீறலும் இல்லாவிட்டாலும். ஹார்னஸ் கட்டி, கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் சாதனம் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால் இந்தச் செலவோடு அதையும் வாங்கிவிடுங்கள். உடலைக் கட்டிப்போட்டுவிட்டுத் தலையை மட்டும் வீசவிடும் ஏற்பாடு சாதாரண பெல்ட்டைவிட மோசம். ஃபார்முலா ஒன் இந்தச் சாதனத்தை 2003லேயே கட்டாயமாக்கிவிட்டது.

ஆறாம் படி: சரிசெய்வதா, விற்பதா

காப்பீட்டு நிறுவனங்கள் பழுதுச் செலவு பாலிசியில் காருக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பாகக் கணக்கிடுகின்றன. உங்களுக்குக் காப்பீடு கிடைக்காவிட்டாலும் அந்த எண் ஒரு நல்ல அளவுகோல். என் கணிப்பில், சொந்தப் பணம் போடுபவர் பாதியைத் தாண்டும்போதே நிறுத்தி யோசிக்க வேண்டும். இறக்குமதி உதிரிப்பாகம் மாதக்கணக்கில் தாமதமாகும், பிரித்த பிறகு புதிய சேதம் வெளிப்படும், சரிசெய்த காரின் மறுவிற்பனை விலையும் இறங்கும். முதல் கார் என்ற பாசத்தில் போட்ட பணம் திரும்பி வராது.

சேசிஸையே மாற்றினால் சேசிஸ் எண்ணும் மாறும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழைத் திருத்தாமல் அந்தக் காரைச் சாலையில் ஓட்ட முடியாது. விற்பதானால் படங்களோடும் பில்களோடும் நடந்ததைச் சொல்லி விற்கவும். வாங்குபவர் அடுத்த டிராக் டேயில் அதே வளைவுக்கு அதைக் கொண்டுவரக்கூடும்.

ஏழாம் படி: காரணத்தைக் கண்டுபிடித்தல்

வீடியோவும் தரவுப் பதிவும் இருந்தால் ஒரு பயிற்சியாளரோடு உட்கார்ந்து பாருங்கள். மோதிய இடத்தை விட்டுவிட்டு, அதற்கு ஐந்தாறு விநாடி முன்னால் தொடங்குங்கள். டிராக் டே மோதல்களில் அடிக்கடி காணப்படும் ஒன்று: வளைவின் வெளியேற்றத்தில் இரண்டு சக்கரங்கள் புல்லில் இறங்கிவிடும், ஓட்டுநர் பதறி ஸ்டீயரிங்கை வெடுக்கெனத் திருப்புவார், சக்கரம் தார் விளிம்பைப் பிடித்ததும் கார் குறுக்கே பாய்ந்து எதிர்ப்பக்கத் தடுப்புக்குப் போகும். புல்லிலேயே நேராக விட்டு வேகம் குறைத்திருந்தால் காருக்கு ஒரு குளியலோடு முடிந்திருக்கும். இன்னொன்று, வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவது. பின் இன்ஜின் கார்கள் இதை மன்னிப்பதில்லை.

வண்டியிலும் காரணம் தேடுங்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது? புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பெடல் தரைவரை போனதாக நினைவிருந்தால் சந்தேகம் அங்கேதான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆழம் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் பிடிக்காது.

எட்டாம் படி: மறுபடி ஓட்டுதல்

ஃபார்முலா ஒன் வீரர் நிக்கி லாடா 1976 ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்க்ரிங்கில் மோதித் தீக்காயம் பட்டு, ஆறு வாரத்தில் இத்தாலியின் மோன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்த கதையை யாராவது உங்களிடம் சொல்வார்கள். அன்று பயத்தில் விறைத்துப் போயிருந்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில், கொட்டும் மழையில், உலகப் பட்டத்துக்கான புள்ளிகளில் முன்னணியில் இருக்கும்போதே இரண்டு சுற்றோடு காரை நிறுத்தி இறங்கினார். கதை சொல்பவர்கள் ஃபூஜியையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மோதல் காட்சி கண்முன் வந்துபோவது, தூக்கம் கெடுவது, ஹார்ன் சத்தத்துக்கு உடல் தூக்கிப்போடுவது எல்லாம் முதல் சில வாரங்களுக்கு இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால், அல்லது சாலையில்கூட ஓட்டத் தயங்கினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களின் பயமும் கணக்கில் சேரும். மறுபடி போகும் தேதியை அவர்களிடம் மறைக்க வேண்டாம்.

முதல் முறை வேறு யாருடைய வேகத்தோடும் ஒப்பிட முடியாத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் குதிரைத்திறன் குறைந்த காரில், பக்கத்து இருக்கையில் பயிற்சியாளருடன் போங்கள். மோதிய வளைவை முதலில் நடந்து பாருங்கள். பல தளங்களில் காலையில் கேட்டால் அனுமதிப்பார்கள். சரிசெய்த அதே கார் என்றால், நான்கைந்து மிதமான சுற்றுகளுக்குப் பிறகு பிட்டுக்கு வந்து, வீல் நட்டுகளை இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதித்து, கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்த்து, கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளில் பெயின்டால் போட்ட அடையாளக் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த சுற்று. அன்றைக்கு லேப் டைமரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.